ஆபீசில் யாருக்கு மட்டும் நெட் கொடுப்பது? 22 சிஸ்டம், ஒரே ஃபைபர் லைன்

பனியன்_கணக்கு | திங்கள், காலை 10:42

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் நெட்வொர்க் வேலையும் என்னிடமே வந்து சேர்ந்தது.

மொத்தம் 22 சிஸ்டம். டேலி ஓடும் சர்வர் 1, கணக்கில் 4, மெர்ச்சண்டைசிங்கில் 6, பேட்டர்ன் போடும் கேட் சிஸ்டம் 2, ஸ்டோர்ஸ், கட்டிங், பேக்கிங் மூன்றும் சேர்த்து 7, முதலாளி அறையில் 1, ரிசப்ஷனில் 1. இது போக கேமரா ரெக்கார்டர், கைரேகை வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷின், நெட்வொர்க் பிரிண்டர் 2. எல்லாமே ஒரே ஸ்விட்ச்சில் இருக்கின்றன. நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் அந்த ஸ்விட்ச்சுக்குப் போகிறது. வைஃபையும் அதே பெட்டிதான்.

முதலாளி சொல்வது இதுதான்: வேலைக்கு நெட் தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடு, மற்ற சிஸ்டங்களில் டேலியும் பிரிண்டரும் ஓடினால் போதும். காரணமும் நியாயமானதுதான். சாயங்காலம் 5 மணிக்கு மேல் வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் வரும் நேரத்தில் லைன் அப்படியே நின்றுவிடுகிறது. மெர்ச்சண்டைசர் ஒரு ஃபைலை அனுப்பிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறார்.

ஃபைபர் பெட்டியில் மேக் ஃபில்டர் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணை வைத்துத் தடுப்பது) போட்டுப் பார்த்தேன். தடுத்த போன்கள் மறுநாளே உள்ளே வந்துவிடுகின்றன. வைஃபை பாஸ்வேர்டை மாற்றினாலும் இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேக்கிங்கில் ஒரு சிஸ்டத்தை இரண்டு ஷிப்ட் ஆட்கள் பயன்படுத்துகிறார்கள். பகல் ஷிப்ட்காரர் இ-வே பில் போட வேண்டும், அதனால் அவருக்கு நெட் வேண்டும். இரவு ஷிப்ட்டுக்குத் தேவையில்லை.

10 முதல் 15 ஆயிரம் வரை செலவு செய்யலாம் என்கிறார் முதலாளி. என்ன செய்யலாம்?

சரவணா_சிஸ்டம்ஸ் | திங்கள், காலை 11:05

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் சார். நெட் வேண்டாத சிஸ்டத்தில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் போய் ப்ராக்ஸி என்ற இடத்தில் 127.0.0.1 என்று போட்டுவிடுங்கள். அது அந்த சிஸ்டத்தின் சொந்த முகவரிதான், அதனால் பிரவுசர் எதையும் திறக்காது. டேலி, பிரிண்டர் எல்லாம் வழக்கம்போல ஓடும். நான் பல கடைகளில் இப்படித்தான் செய்து கொடுக்கிறேன்.

லேன்_மனிதன் | திங்கள், காலை 11:31

> ப்ராக்ஸி என்ற இடத்தில் 127.0.0.1 என்று போட்டுவிடுங்கள்

கடையில் ஒரே ஆள் உட்காரும் சிஸ்டத்துக்குச் சரி. 22 சிஸ்டம் இருக்கும் ஆபீசில் இது நிற்காது. ஃபயர்ஃபாக்ஸில் தனியாக ப்ராக்ஸி அமைப்பு இருக்கிறது, அதில் 'ப்ராக்ஸி வேண்டாம்' என்று மாற்றினால் நெட் வந்துவிடும். ப்ராக்ஸியைக் கண்டுகொள்ளாத மென்பொருட்களும் நிறைய இருக்கின்றன. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றச் சொல்லி யாராவது அடுத்து எழுதுவார்கள், அதனால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1.1.1.3 மாதிரியான வடிகட்டும் டிஎன்எஸ் எந்தத் தளம் வேண்டாம் என்பதைப் பார்க்கும். யாருக்கு நெட் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. உங்கள் தேவை இரண்டாவது.

மேக் ஃபில்டர் ஏன் தோற்கிறது என்பதையும் சொல்கிறேன். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபையில் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. தானாக உருவாக்கிய ஒன்றைக் காட்டுகின்றன. நீங்கள் அதைத் தடுத்தால் போனில் ஒரு பட்டனை மாற்றினாலே வேறு முகவரியோடு வரும். உங்கள் ரூட்டர் பட்டியலைப் பாருங்கள். மேக் முகவரியின் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் இப்படி உருவாக்கியதுதான். பாஸ்வேர்டும் அப்படியே. ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் உள்ள போனில் வைஃபையை ஷேர் செய் என்றால் கியூஆர் கோட் வந்துவிடும், பக்கத்தில் இருப்பவர் ஸ்கேன் செய்தால் முடிந்தது. பாஸ்வேர்டை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

அதனால் 'இவர்களைத் தடு' என்ற பட்டியலை விட்டுவிடுங்கள். எல்லாம் மூடி, 'இவர்களை மட்டும் விடு' என்று மாற்றுங்கள். அந்தக் கட்டுப்பாடு நெட் வெளியே போகும் ஒரே வாசலில், அதாவது உங்கள் சொந்த ரூட்டரில் இருக்க வேண்டும். நெட் கம்பெனி கொடுத்த பெட்டியை நம்ப வேண்டாம்.

பனியன்_கணக்கு | திங்கள், பகல் 12:20

விளக்கத்துக்கு நன்றி சார். இப்போதுதான் பட்டியலைப் பார்த்தேன். வைஃபையில் இருக்கும் 31 கருவிகளில் பாதிக்கு மேல் நீங்கள் சொன்ன 2, 6 வகைதான். சொந்த ரூட்டர் என்றால் எது வாங்கலாம்?

லேன்_மனிதன் | திங்கள், பகல் 1:15

உங்கள் அளவுக்கு மைக்ரோடிக் ஹெக்ஸ் போதும், 5 போர்ட் உள்ள சின்ன பெட்டி. உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிடும், மீதிப் பணமும் இருக்கும். பழைய சிஸ்டம் ஒன்றில் இரண்டாவது லேன் கார்டு போட்டு பிஎஃப்சென்ஸ் அல்லது ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை நிறுவினாலும் இதே வேலை நடக்கும், அவை இலவசம். ஆனால் நாள் முழுக்க ஓடும் பழைய சிஸ்டம் என்றாவது ஒரு நாள் நின்றுபோகும், அன்று ஆபீசே நிற்கும். சோஃபோஸ் ஹோம் எடிஷன் இலவசம் என்று சிலர் சொல்வார்கள். அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும் கொடுக்கப்படுவது, ஆபீசில் போடக் கூடாது.

இனி அமைப்பு. ஃபைபர் பெட்டியிலிருந்து கேபிள் ஹெக்ஸின் 1-வது போர்ட்டுக்கு வரட்டும். 2-வது போர்ட்டிலிருந்து உங்கள் ஸ்விட்ச்சுக்குப் போகட்டும். ஆபீஸ் லேனுக்கு 192.168.10 வரிசையைக் கொடுங்கள். அதை இப்படிப் பிரிக்கலாம்:

10 முதல் 19 வரை சர்வர், பிரிண்டர், ரெக்கார்டர், அட்டெண்டன்ஸ் மெஷின்.
20 முதல் 49 வரை நெட் உள்ள சிஸ்டங்கள். ஒவ்வொன்றின் மேக் முகவரியையும் டிஎச்சிபியில் (ரூட்டரில் ஐபியைத் தானாகக் கொடுக்கும் பகுதி) பதிந்து, எப்போதும் அதே ஐபி கிடைக்கும்படி செய்யுங்கள்.
100 முதல் 200 வரை பதியாத எல்லாம். புதிதாக எது செருகினாலும் இங்கேதான் விழும். இதற்கு நெட் கிடையாது.

ஃபயர்வாலில் ஃபார்வர்ட் பகுதியில் (ரூட்டரைக் கடந்து போகிறவற்றுக்கான இடம்) இரண்டே விதி. 20 முதல் 49 வரை வெளியே போகலாம். மற்ற எதுவும் லேனிலிருந்து வெளியே போக முடியாது. டேலியும் பிரிண்டரும் ஸ்விட்ச் வழியாகவே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் இந்த விதி அவற்றைத் தொடவே தொடாது. சர்வருக்கு டேலி லைசென்ஸ் புதுப்பிக்கவும் அப்டேட்டுக்கும் நெட் வேண்டும், அதற்கு மட்டும் தனி அனுமதி கொடுங்கள். மற்ற சிஸ்டங்கள் லேனிலேயே 9999 போர்ட்டில் சர்வரிடம் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளும்.

தணிக்கை_உதவியாளர் | திங்கள், பகல் 2:40

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ரூட்டர் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, கணக்குப் பக்கம் இருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். மூடுவதற்கு முன்னால் யார் எதை எப்போது பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள் அண்ணா. எங்கள் கிளையண்ட் ஒருவர் இதைச் செய்யாமல் பில் போடும் சிஸ்டத்துக்கு நெட்டை நிறுத்திவிட்டார். டேலியில் பில் போட்டால் பிரிண்ட் வந்தது, ஐஆர்என் (இ-இன்வாய்ஸ் பதிவு எண்) வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதலே இ-இன்வாய்ஸ் கட்டாயம். 10 கோடிக்கு மேல் என்றால் 2025 ஏப்ரல் 1 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும், தாண்டினால் போர்ட்டல் ஏற்காது. பையருடைய வரி வரவு சிக்கிக்கொள்ளும்.

ஜிஎஸ்டி, இ-வே பில் மட்டுமில்லை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் பிஎஃப், இஎஸ்ஐ கட்ட ஒருவர் நெட் பயன்படுத்துவார், அவர் பெயர் பட்டியலில் விட்டுப்போகும். பிஎஃப் மாதக் கணக்கான இசிஆர் ஏற்றும் கடைசி நாளில்தான் தெரியும்.

பனியன்_கணக்கு | திங்கள், மாலை 4:55

நல்ல வேளை சொன்னீர்கள். எங்கள் இஎஸ்ஐ வேலையை ஸ்டோர்ஸில் இருக்கும் ஒரு அக்கா பார்க்கிறார். ஸ்டோர்ஸ் முழுவதையும் மூடுவதாகத்தான் நினைத்திருந்தேன்.

மெர்ச்சண்டைசர்_கோவை | திங்கள், இரவு 8:10

நான் கோவையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மூடப்படும் பக்கத்தில் இருப்பவளாக எழுதுகிறேன்.

எங்கள் ஆபீசில் ஒரு திங்கட்கிழமை காலை எந்த அறிவிப்பும் இல்லாமல் பாதித் தளங்களை மூடினார்கள். பையர் டெக் பேக்கை (ஆடையின் அளவு, வடிவமைப்பு விவரங்கள் உள்ள ஃபைல்) மெயிலில் இணைத்து அனுப்புவதில்லை, ஃபைல் பகிரும் தளத்தில் வைத்து லிங்க் தருவார். அந்தத் தளம் மூடியிருந்தது. நான் என் போன் டேட்டாவில் இறக்கி, கேபிள் போட்டு சிஸ்டத்துக்கு மாற்றினேன். எங்கள் ஃப்ளோரில் எல்லோரும் அதையேதான் செய்தார்கள். நெட்டைக் கட்டுப்படுத்தியதாக மேலே நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் ஆபீஸ் ஃபைல்கள் எல்லாம் ஆளாளுக்குச் சொந்த போனில் சுற்றிக்கொண்டிருந்தன.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். எது மூடப்படுகிறது, ஏன் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். திறக்க வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்று ஒருவர் பெயர் இருக்கட்டும், அவர் அன்றே திறந்து கொடுக்க வேண்டும். பேக்கிங், கட்டிங் ஆட்களின் போனுக்கு முழுவதுமாகக் கதவைச் சாத்தாதீர்கள். ஷீட் போட்ட கூரைக்குக் கீழே சிக்னலே எடுக்காது. வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் வாட்ஸ்அப்பில்தான் செய்தி வரும்.

லேன்_மனிதன் | திங்கள், இரவு 9:02

மேடம் சொல்வது முழுக்கச் சரி. நான் போட்ட நெட்வொர்க்குகளில் ஆட்களோடு பேசாமல் மூடியவை எதுவும் ஒழுங்காக நின்றதில்லை.

போனுக்குத் தனி வைஃபை கொடுப்பது சுலபம், மேனேஜ்டு ஸ்விட்ச், விலான் எதுவும் தேவையில்லை. ஹெக்ஸின் 4-வது போர்ட்டைப் பிரிட்ஜிலிருந்து (போர்ட்டுகளை ஒரே லேனாகச் சேர்க்கும் அமைப்பு) எடுத்து 192.168.50 என்று தனி வரிசை கொடுங்கள். அதில் ஒரு சாதாரண வைஃபை பெட்டியை ஆக்சஸ் பாயின்ட்டாக மாட்டுங்கள், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரே போதும். 50 வரிசையிலிருந்து 10 வரிசைக்குப் போக முடியாது என்று ஒரு விதி போடுங்கள். வேகத்துக்கு சிம்பிள் கியூவில் மொத்தமாக 10 அல்லது 15 எம்பிபிஎஸ் வரம்பு. எல்லோர் போனும் வேலை செய்யும், மெயில் லைனும் அடைபடாது.

மைக்ரோடிக்கின் ஆரம்ப அமைப்பில் ஃபாஸ்ட்ட்ராக் என்று ஒரு விதி இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகள் ஃபயர்வாலையும் கியூவையும் தாண்டிப் போகும். வேக வரம்பு போட்டும் வேகம் குறையவில்லை, தடுத்த பிறகும் வீடியோ ஓடுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். உங்கள் லைன் 100 எம்பிபிஎஸ் அளவுதான் இருக்கும், ஃபாஸ்ட்ட்ராக் இல்லாமலே ஹெக்ஸ் தாங்கும்.

பெங்குவின்_தம்பி | செவ்வாய், காலை 7:48

ஷிப்ட் சிஸ்டம் பற்றி யாரும் பேசவில்லையே. ஐபி வைத்துப் பிரித்தால் சிஸ்டத்துக்குத்தான் அனுமதி, ஆளுக்கு இல்லை. ஸ்குவிட் ப்ராக்ஸி போடலாம் அண்ணா. ஆளுக்கொரு பயனர் பெயர், பாஸ்வேர்ட், 3128 போர்ட். யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பதிவும் கிடைக்கும். எச்டிடிபிஎஸ் என்பதால் தளத்தின் பெயர் வரைதான் தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்று தெரியாது. உங்கள் தேவைக்கு அது போதும்.

லேன்_மனிதன் | செவ்வாய், காலை 9:20

ஸ்குவிட் நல்ல மென்பொருள், நானும் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு பகிர்ந்த சிஸ்டத்துக்காக ஒரு லினக்ஸ் சர்வரை வைத்துப் பராமரிக்கச் சொல்ல மாட்டேன் தம்பி. மைக்ரோடிக்கிலேயே ஹாட்ஸ்பாட் லாகின் இருக்கிறது, ஹெக்ஸோடு வரும் லைசென்ஸில் ஒரே நேரத்தில் 200 பேர் வரை அனுமதி. அதிலும் ஒரு ஓட்டை: பகல் ஆள் லாக் அவுட் செய்யாமல் போனால் இரவு ஆள் அதே இணைப்பில் தொடர்வார்.

விண்டோஸிலேயே வழி இருக்கிறது. பகல் ஆளுக்கும் இரவு ஆளுக்கும் தனித்தனி விண்டோஸ் பயனர் கணக்கு உருவாக்குங்கள், இரண்டுமே ஸ்டாண்டர்ட் யூசராக இருக்கட்டும். பிறகு விண்டோஸ் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு பகுதியில் அவுட்பவுண்ட் ரூல்ஸ் போய் கஸ்டம் விதி ஒன்று போடுங்கள். எல்லா ப்ரோகிராமும், எல்லா புரோட்டோகாலும். ரிமோட் ஐபி என்ற இடத்தில் இந்த வரம்புகளைச் சேர்க்க வேண்டும்:

1.0.0.0 முதல் 9.255.255.255
11.0.0.0 முதல் 126.255.255.255
128.0.0.0 முதல் 172.15.255.255
172.32.0.0 முதல் 192.167.255.255
192.169.0.0 முதல் 223.255.255.255

செயல் பிளாக். இந்த வரம்புகளில் விட்டுப்போனவை எல்லாம் உள்நெட்வொர்க் முகவரிகள், அதனால் டேலி தடைபடாது. விதியைச் சேமித்த பிறகு மறுபடி திறந்து லோக்கல் பிரின்சிபல்ஸ் என்ற தாவலில் இரவு ஷிப்ட் பயனரின் பெயரைச் சேருங்கள். விதி அவருக்கு மட்டும் பொருந்தும். லேன் கார்டில் ஐபிவி6 டிக்கை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் மேலே உள்ளவை ஐபிவி4 மட்டும்தான்.

தணிக்கை_உதவியாளர் | செவ்வாய், காலை 9:58

அண்ணா, இ-வே பில் தளத்தில் பகல் ஆளுக்கு சப்-யூசர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வந்துவிட்டது. முதலாளியின் லாகினையே பயன்படுத்தினால் ஒவ்வொரு தடவையும் அவர் போனுக்குத்தான் ஓடிபி போகும். லாரி வெளியே நிற்கும்போது அவர் மீட்டிங்கில் இருப்பார்.

சரவணா_சிஸ்டம்ஸ் | செவ்வாய், காலை 11:12

ஒரு சந்தேகம். 20 முதல் 49 வரை நெட் உண்டு என்று ஸ்டோர்ஸ் ஆளுக்குத் தெரிந்துவிட்டால்? அவர் சிஸ்டத்தில் கையாலேயே 192.168.10.25 என்று போட்டுக்கொண்டால் நெட் வந்துவிடுமே?

லேன்_மனிதன் | செவ்வாய், பகல் 12:03

மிக நல்ல கேள்வி சார். மொத்த ஏற்பாட்டிலும் முக்கியமான இடம் இதுதான்.

முதல் பூட்டு சிஸ்டத்திலேயே போட வேண்டியது. எல்லோரையும் ஸ்டாண்டர்ட் யூசர் ஆக்குங்கள், அட்மின் பாஸ்வேர்ட் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஸ்டாண்டர்ட் யூசரால் ஐபியையும் மாற்ற முடியாது, மேக்கையும் மாற்ற முடியாது. நம் ஊர் ஆபீஸ்களில் எல்லா சிஸ்டமும் அட்மின் கணக்கில், பாஸ்வேர்டே இல்லாமல் ஓடுகின்றன. அதை விட்டுவிட்டு எவ்வளவு விலைக்கு ஃபயர்வால் வாங்கினாலும் பயனில்லை.

இரண்டாவது பூட்டு ரூட்டரில். ஏஆர்பி என்பது எந்த ஐபி எந்த மேக்குக்குச் சொந்தம் என்ற பட்டியல். ஹெக்ஸில் டிஎச்சிபி சர்வரில் 'ஆட் ஏஆர்பி ஃபார் லீசஸ்' என்பதை டிக் செய்யுங்கள். பிறகு லேன் பிரிட்ஜில் ஏஆர்பி என்பதை 'ரிப்ளை ஒன்லி' ஆக்குங்கள். இனி டிஎச்சிபி மூலம் ஐபி வாங்கியவர்களோடு மட்டும்தான் ரூட்டர் பேசும். கையால் ஐபி போட்டவருக்கு ரூட்டர் பதிலே சொல்லாது. இந்த மாற்றத்தைச் செய்யும் முன் உங்கள் சிஸ்டம் டிஎச்சிபியில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டிக்கொண்டாலும் வின்பாக்ஸ் என்ற மைக்ரோடிக் மென்பொருளில் மேக் முகவரி வழியாக உள்ளே போகலாம்.

மேக்கையே காப்பி அடிக்கும் அளவுக்குத் தெரிந்தவர் அட்மின் உரிமையோடு இருந்தால் இதையும் தாண்டுவார். அதையும் அடைக்க 802.1எக்ஸ் (லாகின் செய்த பிறகே போர்ட்டைத் திறக்கும் முறை) இருக்கிறது. 22 சிஸ்டத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

மெர்ச்சண்டைசர்_கோவை | செவ்வாய், பகல் 1:30

போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் நெட்டை சிஸ்டத்துக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால்? எங்கள் ஆபீசில் அப்படித்தான் செய்தார்கள். இதில் ரூட்டருக்கு என்ன வேலை?

லேன்_மனிதன் | செவ்வாய், பகல் 2:18

ரூட்டருக்கு ஒரு வேலையும் இல்லை மேடம், அதற்குத் தெரியவே தெரியாது. அட்மின் உரிமை இல்லாதவராலும் டெதரிங் செய்ய முடியும், விண்டோஸ் தானாகவே அதற்கான டிரைவரைப் போட்டுக்கொள்ளும். ஃபயர்வாலைத் தாண்டி நேராக உள்ளே வரும் வழி இது, டேலி டேட்டாவுக்கு ஆபத்தானதும் இதுதான்.

விண்டோஸ் ப்ரோ என்றால் குரூப் பாலிசியில் டிவைஸ் இன்ஸ்டலேஷன் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்ற இடம் இருக்கிறது. அங்கே நெட்வொர்க் அடாப்டர் வகைக் கருவிகளை இனி நிறுவ விடாதே என்று அமைக்கலாம். 'ஏற்கெனவே நிறுவியவற்றுக்கும் பொருந்தும்' என்ற டிக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள், சிஸ்டத்தின் சொந்த லேன் கார்டும் போய்விடும். ஹோம் எடிஷனில் இந்தப் பாலிசி எடிட்டர் இல்லை.

ஆனால் வேலைக்குத் தேவையானது திறந்திருந்தால், போனுக்கும் தனி வைஃபை இருந்தால், கேபிள் மாட்ட வேண்டிய அவசியமே பெரும்பாலோருக்கு வராது. நீங்கள் கேட்ட மூன்றையும் செய்தாலே இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

பெங்குவின்_தம்பி | செவ்வாய், இரவு 10:25

பதிவுகள் பற்றி ஒன்று. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் சிஸ்டம் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மைக்ரோடிக் ஆரம்ப அமைப்பில் தன் பதிவை நினைவகத்தில்தான் வைக்கும், கரண்ட் போனால் அழிந்துவிடும். டேலி சர்வரில் பதிவுகளை வாங்கிச் சேமிக்கும் ஒரு சிஸ்லாக் மென்பொருள் போட்டு அங்கே அனுப்புங்கள். எந்த ஐபி எப்போது யாரிடம் இருந்தது என்று தெரிந்தால் போதும். யார் எந்தத் தளம் பார்த்தார் என்றெல்லாம் சேர்க்க வேண்டாம், அது தேவையில்லாத வேவு.

மெர்ச்சண்டைசர்_கோவை | செவ்வாய், இரவு 10:41

கடைசி வரிக்கு நன்றி தம்பி. என்ன பதிவாகிறது என்பதையும் அந்த நோட்டீசிலேயே எழுதிவிட்டால் நல்லது.

பனியன்_கணக்கு | சனி, மாலை 6:15

ஹெக்ஸ் வாங்கி மாட்டிவிட்டேன். பட்டியல் எழுதி முதலாளி கையெழுத்து போட்டார், நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினோம். இஎஸ்ஐ பார்க்கும் அக்காவின் சிஸ்டம் நெட் வரிசையில் இருக்கிறது. போன் வைஃபையும் ஓடுகிறது.

ஆனால் ஸ்டோர்ஸில் ஒரு சிஸ்டத்தில் இன்னமும் நெட் வருகிறது. பட்டியலில் இல்லாத சிஸ்டம். விதிகளை இரண்டு முறை சரிபார்த்தேன். ஐபி பார்த்தால் 192.168.1.14 என்று காட்டுகிறது. அதற்குக் கீழே 24 என்று தொடங்கும் நீண்ட முகவரி ஒன்றும் இருக்கிறது. மற்ற சிஸ்டங்களில் இப்படி இல்லை.

லேன்_மனிதன் | சனி, மாலை 6:40

உங்கள் லேன் 192.168.10. இது 192.168.1. அப்படியென்றால் அந்த சிஸ்டத்துக்கு ஐபி கொடுத்தது ஹெக்ஸ் இல்லை, ஃபைபர் பெட்டிதான். 24 என்று தொடங்குவது நெட் கம்பெனி கொடுக்கும் ஐபிவி6 முகவரி. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன: அந்த சிஸ்டம் பழைய பெட்டியோடு நேரடியாகப் பேசுகிறது. ஸ்டோர்ஸ் கேபிளைக் கையால் தொட்டுக்கொண்டே போய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஃபைபர் பெட்டியின் வைஃபையையும் அணைத்தீர்களா?

பனியன்_கணக்கு | சனி, இரவு 7:22

வைஃபை அணைத்துவிட்டேன். கேபிளைத் தொடர்ந்து போனேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி. முன்பு எப்போதோ ஸ்விட்ச்சில் போர்ட் இல்லாமல் ஸ்டோர்ஸ் கேபிளை ஃபைபர் பெட்டியின் 3-வது போர்ட்டில் செருகியிருக்கிறார்கள். அலமாரிக்குப் பின்னால் போவதால் கண்ணில் படவில்லை. 8 போர்ட் சின்ன ஸ்விட்ச் ஒன்று போட்டு இந்தப் பக்கம் மாற்றிவிட்டேன். இப்போது 192.168.10.104, நெட் இல்லை, டேலி ஓடுகிறது.

லேன்_மனிதன் | சனி, இரவு 7:30

நல்லது. ஃபைபர் பெட்டியின் மீதி போர்ட்டுகள் கைக்கு எட்டாதபடி அதை ஒரு சின்ன ரேக்கில் வைத்துப் பூட்டுங்கள். அதன் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். முடிந்தால் நெட் கம்பெனியிடம் சொல்லி அதை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள். அப்போது பிபிபிஓஇ லாகின் (நெட் கம்பெனியின் பயனர் பெயர், பாஸ்வேர்ட்) ஹெக்ஸிலேயே வந்துவிடும், பெட்டி வெறும் கேபிள் மாதிரி ஆகிவிடும்.

நெட் இல்லாத சிஸ்டங்களுக்கு இரண்டு வேலை பாக்கி. நேரம் சரியாக ஓட ஹெக்ஸையே என்டிபி சர்வராக்கிக் காட்டுங்கள். இல்லையென்றால் தேதி விலகி டேலி வவுச்சரில் குழப்பம் வரும். அப்புறம் விண்டோஸ், ஆன்டிவைரஸ் அப்டேட்டுக்காக வாரம் ஒரு முறை, மதிய இடைவேளையில் நேரம் வைத்துத் திறக்கும் விதி ஒன்று போடுங்கள். விண்டோஸ் 10 ஓடும் சிஸ்டம் இருந்தால் அதற்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, அவற்றை நெட் வரிசையில் வைக்காதீர்கள்.

பனியன்_கணக்கு | திங்கள், காலை 10:05

ஏஆர்பி ரிப்ளை ஒன்லி நேற்றுப் போட்டேன். இன்று காலை முதலாளி போனில் கேமரா வரவில்லை என்கிறார். ஆபீசுக்குள் பார்த்தால் வருகிறது, வெளியிலிருந்து வரவில்லை. அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெங்குவின்_தம்பி | திங்கள், காலை 10:19

ரெக்கார்டரில் ஐபியைக் கையால் போட்டிருப்பீர்கள். டிஎச்சிபியில் வாங்காததால் ரூட்டர் அதற்குப் பதில் சொல்வதில்லை. உள்ளே பார்ப்பது ஸ்விட்ச் வழியாக, அதனால் அது வருகிறது. அட்டெண்டன்ஸ் மெஷின் லேனுக்குள்ளேயே பேசுவதால் அதற்கும் பாதிப்பில்லை. ரெக்கார்டரை டிஎச்சிபிக்கு மாற்றி, மேக்கைப் பதிந்து 192.168.10.12 என்று நிரந்தரமாகக் கொடுங்கள். ஃபயர்வாலில் அதற்கு வெளியே போக அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 10 முதல் 19 வரை சர்வருக்கு மட்டும்தானே தனி அனுமதி கொடுத்தீர்கள்?

பனியன்_கணக்கு | திங்கள், காலை 10:47

ஆமாம் தம்பி, அனுமதி சர்வருக்கு மட்டும்தான் இருந்தது. ரெக்கார்டருக்கும் சேர்த்துவிட்டேன், டிஎச்சிபிக்கும் மாற்றிவிட்டேன். கேமரா வந்துவிட்டது. பிரிண்டர் இரண்டிலும் ஐபி கையால் போட்டதுதான், ஆனால் அவை வெளியே போக வேண்டியதில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். இன்று சாயங்காலம் 5 மணிக்கு மேல் மெயில் எப்படிப் போகிறது என்று மெர்ச்சண்டைசிங்கில் கேட்டு எழுதுகிறேன்.

பனியன்_கணக்கு | திங்கள், மாலை 6:38

பையருக்கு அனுப்பிய சாம்பிள் போட்டோக்கள் உடனே போய்விட்டதாம். போன் வைஃபையில் இப்போது 27 கருவி, 15 எம்பிபிஎஸ்ஸுக்குள் நிற்கிறது. பேக்கிங் சிஸ்டத்தில் இரவு ஷிப்ட் கணக்கில் உள்ளே போய்ப் பார்த்தேன், டேலி திறக்கிறது, பிரவுசர் திறக்கவில்லை. கட்டிங் சூப்பர்வைசர் நூல் மில்லின் தளம் ஒன்று வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் சிஸ்டத்தை 20 வரிசைக்கு மாற்றுகிறேன்.